ஹெட் வேலைக்குக் கார்புரேட்டரைக் கழற்றுவது: முழுசாக எடுப்பதா, கேபிளோடு தொங்க விடுவதா?

குடியாத்தம் 350:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய புல்லட் 350 வீட்டில் இருக்கிறது. 1993 மாடல், காஸ்ட் அயர்ன் எஞ்சின், மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். ஆர்சி புத்தகத்தில் இன்னும் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் போட்டிருக்கிறது.

கொஞ்ச நாளாகக் கிக்கரில் எதிர்ப்பே இல்லை. முன்பெல்லாம் டீகம்ப்ரஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற லீவர்) பிடிக்காமல் கிக்கரை இறக்க முடியாது. இப்போது யார் மிதித்தாலும் சுலபமாக இறங்கிவிடுகிறது. பள்ளிகொண்டா வரை போய் வந்தால் சூட்டில் ஐடிலில் நிற்பதில்லை. டேப்பெட் பார்த்தாயிற்று. புஷ் ராடு விரலில் சுற்றுகிறது, மேலும் கீழும் ஆட்டம் இல்லை. பிளக் புதுசு. பிஸ்டனைக் கம்ப்ரஷனில் நிறுத்திக் கிக்கர் மேல் பாரம் கொடுத்து நின்றால், சைலன்சர் வாயில் புஸ்ஸென்று காற்றுப் போவது தெளிவாகக் கேட்கிறது. கார்புரேட்டர் பக்கம் சத்தம் இல்லை, பிரீதர் குழாயிலும் இல்லை. ஆக எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லை என்று நினைக்கிறேன்.

ஹெட்டை (சிலிண்டருக்கு மேல் வால்வுகள் இருக்கிற பாகம்) வீட்டிலேயே இறக்கி வேலூர் பக்கம் லேத்துக்கு எடுத்துப் போகப் போகிறேன். கேள்வி கார்புரேட்டர் பற்றி மட்டும்தான். ஊரில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். கேபிளைத் தொடாதே, இரண்டு நட்டை மட்டும் எடுத்து ஓரமாகத் தொங்க விடு என்கிறார் ஒருவர். ஹெட்டோடு சேர்த்தே தூக்கி, மேஜை மேல் வைத்துக் கழற்று என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், கையோடு ஜெட் (பெட்ரோல் அளவாகப் போகிற துளை வைத்த சின்னத் திருகு) எல்லாம் பிரித்துச் சர்வீஸ் பண்ணிவிடு என்கிறார். எது சரி? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


காட்பாடி பட்டறை:

தம்பி, முழுசாக எடு. ஆனால் உள்ளே பிரிக்காதே. இரண்டும் வேறு வேறு வேலை.

தொங்க விடுவது ஏன் கூடாது என்றால், பாடியின் எடை முழுக்க ஆக்சிலேட்டர் கேபிளின் கடைசி முனையில் விழும். உள் கம்பி மூடிக்குப் பக்கத்தில் மடங்கி, ஒவ்வோர் இழையாக அறுந்துகொண்டே வரும். உடனே தெரியாது. பிறகு ஒருநாள் ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் நின்றுவிடும். ரோட்டில் அது ஆபத்தான விஷயம். அப்புறம், தொங்குகிற கார்புரேட்டர் சாய்ந்தால் அதன் அடிக் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் எஞ்சின் மேலேயே வடியும்.

முதலில் வண்டி ராத்திரி முழுக்க ஆறட்டும். காஸ்ட் அயர்ன் என்று நாம் சொன்னாலும் இரும்பாக இருப்பது சிலிண்டர் மட்டும்தான், ஹெட் அலுமினியம். சூட்டோடு நட்டைத் தளர்த்தினால் ஹெட் வளையும், ஸ்டட் நூலைப் பிடுங்கிக்கொண்டு வரும். வேலையை வாசலில், காற்று வருகிற இடத்தில் வைத்துக்கொள். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கிட்டத்தில் வேண்டாம்.

பெட்ரோல் டேப்பை மூடு, ட்யூபை உருவு. கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பார். அடியில் தனியாகத் தண்ணீர் உருண்டு நின்றால் டேங்கையும் கழுவ வேண்டியிருக்கும். டேங்கை இறக்கிய பிறகு ஏர் ஃபில்டர் ஹோஸ் கிளிப்பைத் தளர்த்து. அதற்கப்புறம் கார்புரேட்டர் மூடியைத் திருகினால் ஸ்பிரிங், பிஸ்டன் (எஞ்சின் பிஸ்டன் இல்லை, கார்புரேட்டருக்குள் கேபிள் தூக்குகிறது), ஊசி மூன்றும் கேபிளோடு மேலே வரும். அதைக் கேபிளிலிருந்து பிரிக்க வேண்டாம். அந்த ஊசி வளைந்தால் அதோடு போச்சு. சுத்தமான துணியில் சுற்றி, மேலே பாலித்தீன் பை போட்டு, ஹேண்டில்பாரில் கட்டிவிடு. பாடியில் வேறு எதுவும் மாட்டியிருக்காது, ஃபிளாஞ்சை (ஹெட்டோடு பொருந்துகிற தட்டை முகம்) பிடிக்கிற இரண்டு நட்டை எடுத்தால் கையோடு வந்துவிடும்.

உன் மாடலில் இஞ்ச் நூல் நட்டுகள் இருக்கும். கழற்றிய நட்டை அதே ஸ்டட்டில் திரும்பப் போடுகிற மாதிரி வைத்துக்கொள். எம்எம் நட்டை எடுத்து அழுத்தி ஏற்றினால் ஸ்டட்டே வீணாகிவிடும்.


ஆம்பூர் ஆர்எக்ஸ்:

என்னிடம் யமஹா ஆர்எக்ஸ்100. ஹெட் கேஸ்கெட் லீக் ஆனபோது கார்புரேட்டரைத் தொடவே இல்லை. பிளக்கை எடுத்து, ஹெட் நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கேஸ்கெட் மாற்றி, திரும்பப் பூட்டினேன். புல்லட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேலை என்று புரியவில்லை.


காட்பாடி பட்டறை:

உங்களுடையது டூ ஸ்ட்ரோக். ஹெட்டில் வால்வே கிடையாது, வெறும் மூடிதான். பெட்ரோலும் காற்றும் சிலிண்டரில் இருக்கிற ரீட் வால்வு வழியாகக் கீழே போகிறது. அதனால் ஹெட்டை எடுக்கக் கார்புரேட்டர் குறுக்கே வராது. பிஸ்டன் ரிங் மாற்றச் சிலிண்டரையே தூக்க வேண்டும் என்றால்தான் எடுத்தாக வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் ஹெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்லெட் வால்வு அங்கேதானே இருக்கிறது. புல்லட், ஸ்பிளெண்டர், பல்சர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.


ராணிப்பேட்டை லேத்:

என் பட்டறைக்கு வாரத்தில் பாதி நாள் வால்வு வேலைதான் வருகிறது. லேத்தில் நிற்பவன் பார்வையில் சொல்கிறேன்.

ஹெட்டோடு கார்புரேட்டரைச் சேர்த்துத் தூக்குவதில் ஒரு லாபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஃபிளாஞ்சு நட்டுக்கு வண்டி மேல் ஸ்பானர் சரியாக இறங்காது. மேஜை மேல் நன்றாக இறங்கும். ஆனால் புல்லட் ஹெட்டை நேராகத் தூக்கும்போது புஷ் ராடு, ராக்கருக்குப் போகிற ஆயில் பைப், டீகம்ப்ரஷர் கேபிள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு கார்புரேட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் கை தடுமாறும். நான் பட்டறை அண்ணன் சொன்ன வழிதான் சரி என்பேன்.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. கழற்றிய உடனே கார்புரேட்டரின் ஃபிளாஞ்சு முகத்தைப் பாருங்கள். அந்த இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கியவர்கள் எத்தனையோ பேர். நடுவில் ஓ-ரிங், இரண்டு பக்கமும் காது மாதிரி நட்டு ஓட்டை. காதை இழுத்து இறுக்க இறுக்க அது ஹெட் பக்கம் வளையும், நடுப்பகுதி பின்னால் தங்கிவிடும். ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை இரண்டு ஓட்டைக்கும் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் நூல் கனத்துக்கு வெளிச்சம் தெரியும். அந்த இடுக்கு வழியாகத்தான் எஞ்சின் கூடுதல் காற்றை இழுக்கிறது. சூட்டில் ஐடில் நிற்காததற்கு வால்வு மட்டும் காரணமாக இருக்காது, தம்பி. இதையும் பார்.

வளைவு கொஞ்சம் என்றால் கண்ணாடித் துண்டின் மேல் பொடி எமரித் தாளை வைத்து, எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்தால் நேராகிவிடும். அளவோடு தேய்க்க வேண்டும். ஓ-ரிங் பள்ளத்தின் ஆழம் குறைந்துபோனால் ரிங் நசுங்கி மறுபடி லீக் வரும்.


ஆரணி ஸ்பிளெண்டர்:

நல்ல இழை. என் கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன். அண்ணன் பட்டுத் தறிக்கு நூல் எடுத்துப் போகிற ஸ்பிளெண்டர், ஹெட்டில் ஆயில் புகை. வால்வு சீல் மாற்றச் சொல்கிறார்கள். இதிலும் இப்படித்தானா?


காட்பாடி பட்டறை:

கழற்றுவது இதைவிடச் சுலபம். மேனிஃபோல்டை ஹெட்டில் பிடிக்கிற இரண்டு போல்ட்டை எடுத்தால், கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் புல்லட்டைவிடக் கவனம் வேண்டும். ஸ்பிளெண்டர் சிலிண்டர் முன்பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது. அதனால் இன்லெட் ஓட்டை வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். வாஷரோ போல்ட்டோ கை தவறினால் நேராக வால்வு மேல்தான் விழும். மேனிஃபோல்டை எடுத்த அதே கையோடு ஓட்டையை அடைத்துவிட வேண்டும்.

அடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம். நூல் நூலாகப் பிரிந்து உள்ளே தங்கும். பழைய லுங்கித் துணியைக் கெட்டியாகச் சுருட்டி அடைத்து, ஒரு முனை நீளமாக வெளியே தொங்கும்படி விடுங்கள். பூட்டும்போது அந்த வாலே ஞாபகப்படுத்தும். குடியாத்தத்தில் லுங்கிக்குப் பஞ்சமில்லை, ஆரணியில் வேண்டுமானால் தேட வேண்டியிருக்கலாம்.

உங்கள் வண்டியில் கேம் செயின் இருக்கிறது. டைமிங் மார்க்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு, செயின் உள்ளே விழாமல் கம்பியில் கட்டிவிட்டுத்தான் ஹெட்டைத் தொட வேண்டும். அதற்குத் தனி இழை போடுங்கள், எழுதுகிறேன்.


சத்துவாச்சாரி கிளாசிக்:

ஜெட்டைப் பிரிக்காதே என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கார்புரேட்டர் கையில் வந்தாயிற்று. கிண்ணத்தைத் திறந்து, மெயின் ஜெட், பைலட் ஜெட் இரண்டையும் ஊதி, ஃப்ளோட் அளவையும் சரிபார்த்துவிட்டால் ஒரே வேலையாக முடியும். முடிந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றிவிடலாம், பிக்கப் நன்றாக இருக்கும். அடுத்த மாதம் இதற்காக மறுபடி டேங்கை இறக்க வேண்டுமா?


காட்பாடி பட்டறை:

ஊதுவதில் தப்பில்லை. பஞ்சர் கடைக் காற்றே போதும். இரும்புக் கம்பியை ஜெட்டுக்குள் விடாமல் இருந்தால் சரி. ஜெட் பித்தளை, ஓட்டை பெரிசாகிவிடும். ஆனால் செட்டிங்கை மாற்றாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

ஹெட் வேலை முடிந்து ஸ்டார்ட் பண்ணுகிறோம். ஐடில் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் பழைய செட்டிங்கிலேயே இருந்தால் தேட வேண்டிய இடம் குறைவு: ஃபிளாஞ்சு, ஓ-ரிங், ஹோஸ், கேபிள், டேப்பெட். ஜெட்டும் மாறி, ஏர் ஸ்குரூவும் (ஐடிலில் காற்றின் அளவைத் திருத்துகிற திருகு) மாறி, ஊசி கிளிப்பும் ஒரு பள்ளம் மேலே போயிருந்தால் எங்கே ஆரம்பிப்பது? வால்வு ஒழுகிய எஞ்சினுக்குத் தோதாக யாரோ திருப்பி வைத்த ஏர் ஸ்குரூ, வால்வு நன்றாக உட்கார்ந்த பிறகு தோதாக இருக்காது. அது உண்மைதான். அதை எஞ்சின் ஓடுகிறபோது, சூட்டில், காதால் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். மேஜை மேல் வைத்து மாற்றுவது குருட்டு வேலை. இப்போது எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று மெதுவாக மூடி எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பழையபடியே திறந்து வையுங்கள்.

மெயின் ஜெட் ஏற்றுவது பற்றி: சைலன்சரும் ஃபில்டரும் கம்பெனியுடையது என்றால் அதற்குத் தேவையே இல்லை. ஏலகிரி ஏறினால் பிக்கப் குறைகிறது என்று ஜெட் ஏற்றச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. மலை மேல் காற்று மெலிசு. அங்கே எஞ்சினுக்கு ஏற்கெனவே பெட்ரோல் கூடுதல்தான். ஜெட் ஏற்றினால் பதினான்கு வளைவும் கறுப்புப் புகைதான் வரும்.


வாணியம்பாடி ஆர்டி:

ரெட்டைக் கார்புரேட்டர் வைத்திருப்பவனின் பங்குக்கு. ராஜ்தூத் 350 டூ ஸ்ட்ரோக், அதனால் ஹெட்டுக்காகக் கழற்றத் தேவையில்லை. சிலிண்டரைத் தூக்கினால் இரண்டையும் எடுத்தாக வேண்டும். எடுக்கும்போதே பாடியில் பெயின்ட் மார்க்கரால் இடது, வலது என்று எழுதிவிடுங்கள். பிஸ்டனையோ ஊசியையோ மாற்றிப் போட்டுவிட்டால் இரண்டு சிலிண்டரும் இரண்டு விதமாக இழுக்கும். திரும்பப் பூட்டிய பிறகு இரண்டு பிஸ்டனும் ஒரே நொடியில் எழும்புகிறதா என்று ஏர் ஃபில்டர் பக்கமிருந்து விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று முந்தினால் கேபிள் அட்ஜஸ்டரில் சரி செய்யலாம்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. 2023க்கு அப்புறம் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. நம் பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், வண்டி நின்றால் கிண்ணத்துக்குள் வெள்ளைப் படிவு கட்டும். ஓ-ரிங், கிண்ணத்தின் கேஸ்கெட், பெட்ரோல் ட்யூப் மூன்றையும் இந்தச் சமயத்தில் மாற்றிவிடுங்கள். கண்ணாடி மாதிரி தெரிகிற மலிவு ட்யூப் வேண்டாம், சீக்கிரமே கல்லாக இறுகிவிடும். ஓ-ரிங் விட்டான் ரப்பரில் கேட்டு வாங்கலாம்.


காட்பாடி பட்டறை:

இது சரியான பேச்சு. ரப்பரை மாற்றுவதைச் செட்டிங் மாற்றுவதோடு சேர்க்கக் கூடாது. ரப்பர் கட்டாயம் மாற்ற வேண்டும்.


குடியாத்தம் 350:

நன்றி அண்ணே, எல்லோருக்கும் நன்றி. நேற்று ஹெட் இறங்கியது. கண்டதைச் சொல்கிறேன்.

கார்புரேட்டர் நீங்கள் சொன்ன வரிசையிலேயே வந்தது. வடித்த பெட்ரோலில் தண்ணீர் இல்லை, ஆனால் பழுப்பாகத் துரு மண் இருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ராணிப்பேட்டை அண்ணன் சொன்னது அச்சாக அப்படியே இருக்கிறது. நடுவில் வெளிச்சம். ஓ-ரிங்கை நகத்தால் அழுத்தினால் அமுங்கவே இல்லை. மேல்பக்கம் தட்டையாகிப் பள்ளத்தோடு சமமாக உட்கார்ந்திருக்கிறது. எடுக்கும்போது இரண்டாக உடைந்தது.

இன்னொன்று கவனித்தேன். ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கறுப்பாக ஒரு தடித்த ஹைலம் (சூடு கடத்தாத கெட்டிப் பலகை) கட்டை இருந்தது. அதன் இரண்டு பக்கமும் யாரோ கறுப்பு சிலிக்கான் பேஸ்டைப் பூசியிருக்கிறார்கள். பெட்ரோல் பட்டுப் பட்டு அது ஊறி, ஓட்டைக்குள் நாக்கு மாதிரி நீண்டிருக்கிறது. சுத்தம் பண்ணிய பிறகு அந்தக் கட்டையை எடுத்துவிட்டு நேராகப் பூட்டலாமா? ஸ்பேர் கடையில் அது தேவையில்லை என்கிறார்கள்.

வால்வு: எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் ஓர் ஓரத்தில் பழுப்பான கோடு, அந்த இடத்தில் எரிந்த குழி. இன்லெட் பரவாயில்லை.


ராணிப்பேட்டை லேத்:

கட்டையை எடுக்கவே கூடாது! ஹெட்டின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். நம் வேலூர் வெயிலில் அது இல்லாமல் ஓட்டினால், சிக்னலில் நிறுத்திய இரண்டு நிமிஷத்தில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகக் கிளம்பும். அக்னி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத புல்லட்டுகளில் இந்தக் கட்டை இல்லாமலோ விரிசல் விட்டோ இருக்கிறதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விரிசல் இல்லை என்றால் இரண்டு பக்கமும் எமரியில் நேராக்கிப் போடு. சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோல் படுகிற இடத்துக்கு ஆகவே ஆகாது. பிய்ந்த துண்டு இன்லெட் வால்வுக்கு அடியில் மாட்டினால் மறுபடி கம்ப்ரஷன் போகும். பேப்பர் கேஸ்கெட்டும் நல்ல ஓ-ரிங்கும் இருந்தால் பேஸ்டே தேவையில்லை.

எக்ஸாஸ்ட் வால்வு குழி விழுந்திருந்தால் லேப்பிங்கில் (வால்வை அது உட்கார்கிற சீட்டில் பேஸ்ட் வைத்துத் தேய்ப்பது) போகாது. புது வால்வு வாங்கி வந்துவிடு. வால்வைக் கைடுக்குள் (வால்வுத் தண்டு ஏறி இறங்குகிற குழாய்) விட்டு ஆட்டிப் பார். கையில் தெரிகிற அளவுக்குப் பக்கவாட்டில் ஆடினால் கைடும் மாற்ற வேண்டும். கைடு மாற்றினால் சீட் கட்டிங் கட்டாயம். புதுக் கைடின் நடுவும் பழைய சீட்டின் நடுவும் ஒன்றாக இருக்காது. அப்படியே லேப்பிங் போட்டால் பேஸ்ட்தான் செலவாகும், வால்வு உட்காராது.

லேப்பிங் முடிந்தால் வால்வு முகத்திலும் சீட்டிலும் மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரே அகலத்துக்கு, எங்கேயும் அறுபடாத வளையம் தெரிய வேண்டும். ஸ்பிரிங்கைப் பூட்டிய பிறகு போர்ட்டுக்குள் பெட்ரோலை ஊற்றிப் பார். வால்வு ஓரத்தில் ஈரம் கசியக் கூடாது. எந்த லேத்தில் கொடுத்தாலும் இதை உன் கண் முன்னால் செய்து காட்டச் சொல். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.


ஆம்பூர் ஆர்எக்ஸ்:

வால்வு சீட் பற்றி ஒரு சந்தேகம். பழைய வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் தேவை, இப்போதைய பெட்ரோல் சீட்டைத் தின்றுவிடும் என்று சொல்கிறார்களே?


ராணிப்பேட்டை லேத்:

ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் வருஷத்திலேயே நாடு முழுக்க நின்றுபோய்விட்டது. அதற்கப்புறம் கால் நூற்றாண்டு இந்த வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அலுமினியம் ஹெட்டில் சீட் தனி வளையமாகப் போட்டிருப்பார்கள், அது தேய்ந்தால் வளையத்தை மாற்றலாம். நான் பார்க்கிற எரிந்த வால்வுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் டேப்பெட்டை இறுக்கமாக வைத்து ஓட்டியதும், ஏர் லீக்கில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறியதும்தான். தம்பி வண்டியில் அந்த வளைந்த ஃபிளாஞ்சுக்கும் இந்த எரிந்த வால்வுக்கும் சம்பந்தம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.


குடியாத்தம் 350:

வேலை முடிந்தது. கைடு ஆடியது, இரண்டையும் மாற்றி, சீட் வெட்டி, புது எக்ஸாஸ்ட் வால்வு போட்டாயிற்று. பெட்ரோல் ஊற்றிக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். கசியவில்லை. ஃபிளாஞ்சையும் அங்கேயே தட்டையாக்கிக் கொடுத்தார்கள்.

பூட்டும்போது ஏர் ஃபில்டர் ஹோஸ்தான் படுத்தியது. பழைய ரப்பர், விறைத்துப்போய்க் கார்புரேட்டர் வாய்க்கு வரவே இல்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தேன், மெத்தென்று ஏறியது. ஃபிளாஞ்சு நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, சின்ன ஸ்பானரில் கை பலம் மட்டும் கொடுத்து இறுக்கினேன்.

இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை. அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?


காட்பாடி பட்டறை:

இருக்கிறது. பிஸ்டனை உள்ளே விடும்போது, அதன் பக்கவாட்டுக் காடி பாடிக்குள் நீட்டியிருக்கிற சின்ன முள்ளில் உட்கார்ந்ததா என்று பார். சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும். மூடியைத் திருகிய பிறகு ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்பிச் சட்டென்று விடு. உள்ளே டக்கென்று பிஸ்டன் அடியில் தட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டிலை இடது கோடியில் வைத்து ஒரு முறை, வலது கோடியில் ஒரு முறை இதே மாதிரி பார். ஒரு பக்கமாவது சத்தம் மந்தமாக வந்தால் கேபிள் டேங்குக்கு அடியில் நசுங்குகிறது, டேங்கை மறுபடி தூக்கி வழியை மாற்று. இதைப் பார்க்காமல் கிக்கரை மிதிக்காதே. ஸ்டார்ட் ஆன உடனே எஞ்சின் முழு வேகத்தில் கத்தினால் புது வால்வும் போகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு, ராக்கருக்கு ஆயில் ஏறுகிற வரை கிக்கரை மிதி. டேப்பெட் மறுபடி பார்த்திருப்பாய் என்று நம்புகிறேன். ஸ்டார்ட் ஆகி ஒரு சூடு ஏறி முழுக்க ஆறிய பிறகு, ஹெட் நட்டையும் டேப்பெட்டையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். புது கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.


சத்துவாச்சாரி கிளாசிக்:

ஸ்டார்ட் ஆன பிறகு ஃபிளாஞ்சைச் சுற்றிப் பெட்ரோல் தெளித்துப் பார்த்தால் லீக் தெரிந்துவிடும், ஆர்பிஎம் ஏறும்.


வாணியம்பாடி ஆர்டி:

பெட்ரோல் வேண்டாம் நண்பரே, தயவுசெய்து. சூடான சைலன்சர் பெண்டு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. சோப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கரைத்துப் பிரஷ்ஷால் தடவினாலே போதும். லீக் இருந்தால் அந்த இடத்தில் நுரையை உள்ளே இழுக்கும், ஐடில் சத்தமும் மாறும்.


குடியாத்தம் 350:

வலது கோடியில் சத்தம் மந்தமாகத்தான் வந்தது. கேபிள் டேங்க் பிராக்கெட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மாட்டியிருந்தது, எடுத்து மேல் வழியாக விட்டேன். இப்போது இரண்டு பக்கமும் டக்கென்று விழுகிறது.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. டீகம்ப்ரஷர் இல்லாமல் கிக்கரை இறக்க முடியவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், நுரை அப்படியே நிற்கிறது. ஏர் ஸ்குரூ பழைய இடத்தில் ஐடில் கொஞ்சம் கனமாக, புகை வாசனையோடு ஓடியது. நீங்கள் சொன்ன மாதிரி சூட்டில் வைத்து, காதால் கேட்டு அரைச் சுற்று வெளியே எடுத்ததும் சீராகிவிட்டது. மாதனூர் வரை போய் வந்து பிளக்கைப் பார்த்தேன், செங்கல் பழுப்பு.


காட்பாடி பட்டறை:

நல்லது தம்பி. முன்பு ஏர் லீக்கைச் சமாளிக்கத்தான் யாரோ ஸ்குரூவை உள்ளே திருப்பி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இப்போது கனமாக ஓடியது. இனி அதைத் தொடாதே.


விஐடி ஹாஸ்டல்:

அண்ணா, என்னுடையது 2014 கிளாசிக் 350. இதற்கும் மூடியைத் திருகி பிஸ்டனைக் கேபிளோடு எடுக்கலாமா?


காட்பாடி பட்டறை:

கூடாது. உன்னுடையது சிவி கார்புரேட்டர். கேபிள் கீழே பட்டர்ஃபிளையைத் திருப்புகிறது, மேலே மூடிக்கு அடியில் இருப்பது மெல்லிய ரப்பர் டயஃப்ரம். மூடியைத் தொடாமல், கேபிளைப் பக்கவாட்டு வீலிலிருந்து கழற்றி, கிளாம்ப்பைத் தளர்த்தி முழுசாக எடு. கார்ப் கிளீனர் ஸ்பிரே அந்த ரப்பரில் பட்டால் உப்பிப்போய் மறுபடி காடியில் உட்காராது, அதனால் ஸ்பிரே அடிக்காதே. மேனிஃபோல்டு ரப்பரை இரண்டு கையாலும் மடக்கி, உள் வளைவில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுது.